நெற்களத்துக்கு மணல் கான்கிரீட்: சாம்பலும் நாரும் சேர்க்கலாமா?

கேள்வி (மன்னார்குடி உழவர்):
சென்ற கோடையில் ஜல்லியின்றி மணலும் சிமென்டும் மட்டும் கலந்து போட்ட எங்கள் நெற்களம், மறுநாளே தலைமயிர் நுழையும் அளவுக்குக் கீறல் விட்டுவிட்டது. மறுபடி போடும்போது அனல்மின் நிலையச் சாம்பலும் நாரும் சேர்த்தால் பயன் உண்டா, ஐயா?

மறுமொழி 1 (கட்டடப் பொறியாளர், தஞ்சாவூர்):
உண்டு. ஜல்லி இல்லாத கலவைக்குச் சிமென்ட் பசை அதிகம் தேவைப்படுவதால்தான் அது கூடுதலாகச் சுருங்குகிறது. சிமென்டில் கால் பங்கைச் சாம்பலாக மாற்றலாம். ஆனால் வலிமை மெதுவாகவே ஏறும் என்பதால், ஈரச்சாக்கு போர்த்திப் பதினான்கு நாளாவது நீராற்றுங்கள். சாம்பல் கலந்தே விற்கப்படும் பிபிசி (PPC) சிமென்டில் 15 முதல் 35 விழுக்காடு சாம்பல் முன்பே இருப்பதால், அதில் மேலும் சேர்க்க வேண்டாம்.

மறுமொழி 2 (மேஸ்திரி, கும்பகோணம்):
ஒரு சிமென்ட் மூட்டைக்கு 125 கிராம் பாலிபுரொப்பிலீன் (ஒருவகை பிளாஸ்டிக்) நார் போதும். உதிர்த்துத் தூவாவிட்டால் உருண்டையாகத் திரண்டுவிடும். அது தொடக்க வெடிப்பைக் குறைக்குமே தவிர, கம்பிக்கு மாற்றாகாது.

மறுமொழி 3 (திருவாரூர்):
மணலின் ஒரு பகுதிக்குப் பதிலாகத் தாமிரக் கசடையும் (தாமிரம் உருக்கும்போது மிஞ்சும் கழிவு) கான்கிரீட்டுக்கான மணல், ஜல்லி பற்றிய இந்தியத் தரநிலை ஐ.எஸ். 383 2016 முதல் அனுமதிக்கிறது. ஆற்றுமணல் அள்ளுவது அந்த அளவுக்குக் குறையட்டும்.