நிகழ்வுப் பதிவையும் ஊழியர் கருத்தாய்வையும் இணைப்பது எப்படி? உதவி தேவை

வணக்கம் நண்பர்களே. வணிகச் செயல்முறை மேலாண்மையையும் நிறுவன நடத்தையையும் சேர்த்து முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். வகுத்துக் கொடுத்த நடைமுறையை விட்டு ஊழியர்கள் ஏன் குறுக்குவழியில் போகிறார்கள் என்பதுதான் கேள்வி.

எங்கே விலகினார்கள் என்பதை மென்பொருளின் நிகழ்வுப் பதிவுகளே (யார், எதை, எப்போது செய்தார் என்ற பதிவு) சொல்லிவிடும். அந்தப் பதிவுகளிலிருந்து வேலை உண்மையில் நடந்த வழியைக் கண்டறியும் பிராசஸ் மைனிங் அதற்குத்தான். ஒப்புதலுக்கு முன்பே ஆர்டர் போயிருந்தால் பதிவான நேரம் காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் காரணம் சோம்பலா, அவசரமா, மேலாளர் வாய்மொழியாகச் சொன்னதா? அது பதிவில் இருக்காது. நிறுவனங்களின் செயல்முறைகளை அடியோடு மாற்றியமைத்த 1990களின் மறுசீரமைப்பு அலையில் மனிதப் பக்கத்தைப் போதிய அளவு கவனிக்கவில்லை என்று அதை முன்னெடுத்த மைக்கேல் ஹாமரே பின்னர் ஒப்புக்கொண்டார். இன்றும் பல ஆய்வுகள் செயல்முறை வரைபடத்தின் பெட்டியும் அம்புக்குறியுமாக நின்றுவிடுகின்றன என்பது என் எண்ணம்.

அதனால் ஏமி எட்மண்ட்சன் 1999இல் வெளியிட்ட உளவியல் பாதுகாப்பு (குழுவில் பயமின்றி மனம் திறந்து பேசலாம் என்ற நம்பிக்கை) அளவுகோலின் 7 கூற்றுகளைக் கருத்தாய்வில் சேர்த்திருக்கிறேன். சிக்கல் இங்கேதான். பதிவில் ஊழியர் எண் இருக்கிறது. கருத்தாய்வில் எண்ணைக் கேட்டால் யார் மனம் திறப்பார்கள்? குழு வாரியாக இணைக்கலாம் என்றால், மூன்று பேர் குழுவில் யார் என்ன சொன்னார் என்பது எளிதில் தெரிந்துவிடும்.

வெளியாள் ஒருவர் மூலம் குறியீட்டு எண் கொடுத்து இணைத்தவர்கள் இருக்கிறீர்களா? நெறிமுறைக் குழு ஏற்றுக்கொண்டதா? குறைந்தது எத்தனை பேர் உள்ள குழுக்களைச் சேர்த்தீர்கள்? பல்நிலைப் பகுப்பாய்வு (தனிநபர், குழு என இரு நிலைத் தரவையும் சேர்த்து ஆராயும் புள்ளியியல் முறை) எனக்குப் பழக்கம்தான், அதில் தடையில்லை. நேர்காணலே போதும், கருத்தாய்வு வேண்டாம் என்று நினைப்பவர்களும் காரணத்தோடு எழுதுங்கள்.