குறிஞ்சாக்கேணி விபத்தும் "தெரிந்துதானே ஏறினார்கள்" என்ற பேச்சும்

நிலாவெளியான்:
திருகோணமலை மாவட்டம் கிண்ணியாவில், ஆட்களை ஏற்றிக் கரை சேர்க்கும் குறிஞ்சாக்கேணி படகுப் பாதை கவிழ்ந்த விபத்து பற்றிய ஒரு பதிவின் கீழே ஒருவர், "ஆபத்து என்று தெரிந்துதானே ஏறினார்கள்?" என்று எழுதியிருக்கிறார். வயிறு எரிகிறது. 2021 நவம்பர் 23 காலையில் அதில் இருந்தவர்களில் பள்ளிக்கூடம் போன பிள்ளைகளும் உண்டு. பாலம் வேலை முடியவில்லை, பிள்ளைகள் எதில் போவது? உலகம் நியாயமாக நடக்கிறது என்று நம்பினால்தான் நமக்கு நித்திரை வரும். அதனால் செத்தவனிடமே பிழை தேடுகிறோம். உளவியல் ஆய்வாளர்கள் மெல்வின் லெர்னரும் கரோலின் சிமன்ஸும் 1966இல் ஒரு பரிசோதனையில் இதைக் காட்டிவிட்டார்கள். ஒரு பெண்ணுக்குக் கரண்ட் அடிப்பதை மாணவிகள் பார்த்தார்கள். அவளுடைய வேதனை தொடரும் என்று நினைத்தவர்கள் அவளையே மட்டமாக மதிப்பிட்டார்கள்.

கோணமலை மைந்தன்:
அந்தப் பெண் நடித்தாள். கரண்ட் அடிக்கவே இல்லை. நாடகத்தைக் காட்டி எங்களுக்கு மனசாட்சி பாடமா?

நிலாவெளியான்:
பார்த்தவர்கள் அதை உண்மை என்றுதான் நம்பினார்கள். அளந்தது அவர்கள் மனதை, கரண்டை அல்ல.

கோணமலை மைந்தன்:
அடித்ததா, இல்லையா? ஒரு சொல்லில் பதில்.

உப்புவெளித் தங்கச்சி:
அண்ணா, கரண்டை விடுங்கள். 2006 ஜனவரி 2 அன்று நம் திருகோணமலைக் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டபோது, அவர்கள் வைத்திருந்த குண்டு வெடித்தது என்றுதான் முதலில் சொன்னார்கள். மரண விசாரணையில் துப்பாக்கிச் சூட்டுக் காயங்கள் தெரிந்தன. அதற்குப் பிறகும் "அந்த நேரத்தில் அங்கே என்ன வேலை?" என்று கேட்டவர்களை எனக்குத் தெரியும். நம் ஆட்கள்தான்.

கோணமலை மைந்தன்:
அதை ஏன் இழுக்கிறீர்கள்? யார் கேட்டது என்று பெயர் சொல்லுங்கள் பார்ப்போம்.

கிண்ணியா ஆசிரியர்:
லெர்னர் சொன்னது மட்டும்தான் முடிவு என்று நினைக்க வேண்டாம். சியால்டினி என்ற உளவியலாளரின் குழுவினர் 1976இல் வேறு விதமாகச் சொன்னார்கள்: அந்த வேதனையில் தனக்கும் பங்குண்டு என்று நினைத்தவர்தான் அவளைத் தாழ்த்தினார். திருகோணமலை டவுன்காரர்களுக்கு இது நன்றாகப் பொருந்தும். எங்கள் பிள்ளைகள் போன பிறகுதானே குறிஞ்சாக்கேணி எங்கே என்று தேடினீர்கள்?

நிலாவெளியான்:
சேர், நிலாவெளி டவுன் இல்லை. சுனாமியில் நாங்கள் பட்டது உங்களுக்குத் தெரியாதா? "பாவம் செய்த ஊர், கடல் கொண்டது" என்று எங்கள் முகத்துக்கு நேரே சொன்னார்கள். அவர்களுக்கு என்ன பங்கு, கடலைக் கூட்டி வந்தார்களா? லெர்னர் சொன்னதுதான் சரி. இன்னொன்றையும் கேளுங்கள். மற்றவர்களுக்காகத்தான் அந்தப் பெண் வேதனையை ஏற்றாள் என்று சொல்லப்பட்டபோதுதான் அவளை மிக மோசமாகத் தாழ்த்தினார்கள். நல்லவளாக இருந்ததும் அவளைக் காப்பாற்றவில்லை.

கிண்ணியா ஆசிரியர்:
சுனாமி எங்களையும்தான் அடித்தது தம்பி. நிவாரண லொறி முதலில் எந்தப் பக்கம் திரும்பியது என்று எழுதட்டுமா?

நிலாவெளியான்:
எழுதுங்கள். நானும் எழுதுகிறேன்.

கோணமலை மைந்தன்:
கேட்ட கேள்வி அப்படியே கிடக்கிறது. நடிகைக்குக் கரண்ட் அடித்ததா?

உப்புவெளித் தங்கச்சி:
இல்லை அண்ணா. குறிஞ்சாக்கேணியில் ஒருவரும் நடிக்கவும் இல்லை.

கோணமலை மைந்தன்:
பார்த்தீர்களா, இல்லை என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள்.