கைப்பேசி இல்லாமல் ஒரு வாய்கூட இறங்குவதில்லை

மஞ்சக்குப்பம் அம்மா:
என் மகனுக்கு இரண்டரை வயது. கைப்பேசியில் பாட்டு ஓடினால்தான் வாயைத் திறக்கிறான். நிறுத்தினால் சோற்றைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிடுகிறான். அந்த உப்பிய கன்னத்தைப் பார்த்தாலே எனக்கு அழுகை வருகிறது. கணவருக்கு நெய்வேலியில் ஷிப்ட் வேலை. நான் எட்டரை மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். பகலில் அத்தைதான் பார்த்துக்கொள்கிறார். முழங்கால் வலியோடு அவரால் அவன் பின்னாலேயே ஓடி ஊட்ட முடியாது. சோறு இறங்காவிட்டால் ஒரு டம்ளர் பால். அப்படியே நாலைந்து டம்ளர் ஆகிவிடுகிறது. வருகிறவர்களோ, "பிள்ளை ஏன் வற்றிப்போயிருக்கிறான்?" என்று என்னைத்தான் கேட்கிறார்கள். அத்தையைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் மனம் நோகாமல் இதை மாற்ற வழி உண்டா?

ஓய்வுபெற்ற செவிலியர், திருப்பாதிரிப்புலியூர்:
அம்மா, கைப்பேசியை விடப் பால்தான் எனக்குக் கவலையாக இருக்கிறது. இந்த வயதில் நாளுக்கு அரை லிட்டருக்கு மேல் பால் வேண்டாம். வயிறு பாலிலேயே நிறைந்தால் பசி எங்கிருந்து வரும்? பாலில் இரும்புச்சத்து மிகக் குறைவு. மற்ற உணவிலுள்ள இரும்புச்சத்து உடம்பில் சேர்வதையும் அது தடுக்கும். காலையில் ஒரு டம்ளர், இரவில் ஒரு டம்ளர் போதும். இடையில் தண்ணீர் கொடுங்கள்.

வற்றிப்போனான் என்ற பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். முதல் வயதில் பிறந்த எடை மூன்று மடங்காகும். இரண்டு வயதுக்குப் பிறகு ஆண்டுக்குச் சுமார் 2 கிலோதான் கூடும். பசியும் அதற்கேற்பக் குறையும். அங்கன்வாடியில் எடை போட்டு அட்டையில் கோடு எப்படிப் போகிறது என்று பாருங்கள். குடற்புழு மாத்திரை கொடுத்தாகிவிட்டதா என்றும் கேளுங்கள்.

முத்தியால்பேட்டை அப்பா:
எங்கள் வீட்டிலும் இதே கதைதான். மகளைப் பெரியவர்களோடு பாயில் உட்காரவைத்து, தனித்தட்டில் இரண்டு பிடி பருப்புச் சோறும் முள் எடுத்த சங்கரா மீனும் வைத்தோம். பிசைந்தாள், இறைத்தாள், கொஞ்சம் தின்றாள். அரை மணி நேரத்தில் யாரும் எதுவும் பேசாமல் தட்டை எடுத்துவிடுவோம். முதல் வாரம் வீடே இரண்டுபட்டது. ஆனால் சாப்பாட்டு நேரத்தில் என் கைப்பேசியும் அலமாரிக்குள் போன பிறகுதான் அவள் கேட்பதை நிறுத்தினாள். இந்த வயதுக்குத் திரை நேரம் ஒரு மணிக்கு மேல் கூடாது, குறைந்தால் நல்லது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2019-லேயே சொல்லியிருக்கிறது.

உங்கள் அத்தையிடம் "ஊட்டாதீர்கள்" என்று சொல்ல வேண்டாம். "நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுங்கள், அவன் பார்த்துக் கற்றுக்கொள்வான்" என்று சொல்லுங்கள். முழங்காலுக்கும் ஓய்வு.

மஞ்சக்குப்பம் அம்மா:
பெரிய நன்றி, அண்ணா. அத்தையிடம் இப்படிச் சொல்லலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அம்மா, ஒன்று கேட்க வேண்டும்: எப்போது மருத்துவரிடம் காட்ட வேண்டும்?

ஓய்வுபெற்ற செவிலியர், திருப்பாதிரிப்புலியூர்:
கீழிமையின் உட்புறம் வெளிறியிருந்தாலோ, மண், சுவர்ச் சுண்ணாம்பு தின்றாலோ, எடைக் கோடு இறங்கினாலோ, விழுங்கும்போது புரையேறினாலோ தாமதிக்காதீர்கள். இரும்புச்சத்து டானிக்கை நீங்களாகக் கடையில் வாங்கிக் கொடுக்க வேண்டாம். அளவை மருத்துவர் சொல்லட்டும்.