கத்திப்பாரா வளைவில் புரிந்த முடுக்கம்

வேகத்தோடு திசையையும் சேர்த்துச் சொல்வது திசைவேகம்; அது எவ்வளவு விரைவாக மாறுகிறது என்பதுதான் முடுக்கம். இதை என் மகளுக்குப் புரியவைத்த அனுபவம் ஒன்று எனக்கு உண்டு. அவள் ஒன்பதாவது படிக்கிறாள். மாறாத வேகத்தில் வட்டப்பாதையில் ஓடும் பொருளுக்கு முடுக்கம் உண்டா என்று தேர்வில் கேட்டிருந்தார்கள். ‘இல்லை’ என்று எழுதி மதிப்பெண்ணை விட்டுவிட்டாள். “வேகம்தான் மாறலையே அப்பா, அப்புறம் எங்கேருந்து முடுக்கம் வரும்?” என்று என்னிடம் வந்து நின்றாள். விடை எனக்குத் தெரியும். அவளுக்குப் புரிகிற மாதிரி சொல்லத்தான் வரவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை தாம்பரத்தில் சென்னை பீச் போகும் ரயிலில் ஏறினோம். கூட்டமில்லை. அவளுடைய பள்ளி ஐடி கார்டை நாடாவோடு தொங்கவிட்டுப் பிடிக்கச் சொன்னேன். ரயில் கிளம்பியதும் கார்டு லேசாகப் பின்பக்கம் சாய்ந்தது. முடுக்கம் இருப்பதற்கு அதுதான் அடையாளம். செல்போனில் வேகம் பார்த்தோம். சுமார் 20 விநாடியில் மணிக்கு 36 கிலோமீட்டர், அதாவது விநாடிக்கு 10 மீட்டர். 10ஐ 20ஆல் வகுத்தால் முடுக்கம் 0.5 மீ/வி². இதற்குச் சாய்வு 3 டிகிரி அளவுதான் வரும், ஆட்டத்துக்கு நடுவே உற்றுப் பார்க்க வேண்டும்.

ரயில் வேகம் பிடித்துச் சீராக ஓடியபோது கார்டு நேராகத் தொங்கியது. அவளுக்கு ஆச்சரியம். வேகம் அதிகமாக இருந்தால் முடுக்கமும் அதிகமாக இருக்கும் என்றுதான் அதுவரை நினைத்திருந்தாள். பல்லாவரத்தில் பிரேக் போட்டதும் கார்டு முன்பக்கம் போனது. “கார்டு சாயறதுக்கு எதிர்ப்பக்கம்தான் முடுக்கம், இல்லையா?” என்று அவளே கண்டுபிடித்தாள். எனக்கு அப்படியொரு சந்தோஷம்.

‘முடுக்கம்’ என்றதும் வண்டியை முடுக்குவதுதான் மனதில் வருகிறது. வேகம் குறைவதும் வண்டி திரும்புவதும் வருவதில்லை. பிள்ளைகளின் குழப்பம் அந்தச் சொல்லிலேயே தொடங்குகிறது என்று நினைக்கிறேன்.

  

வட்டப்பாதைக் கேள்விக்கு அடுத்த வாரம்தான் வழி பிறந்தது. கத்திப்பாரா மேம்பாலத்தில் பேருந்து வளைந்து இறங்கிக்கொண்டிருந்தது. செல்போனில் வேகம் மணிக்கு 30 கிலோமீட்டரை ஒட்டியே நின்றது. ஆனால் கார்டு வளைவின் வெளிப்பக்கம் சாய்ந்தபடியே இருந்தது. அப்படியென்றால் முடுக்கம் உள்பக்கம், வளைவின் மையத்தை நோக்கி. நான் வாயைத் திறப்பதற்குள் அவள் என் கையைப் பிடித்து உலுக்கினாள்.

“திசை மாறுதுல்ல அப்பா! வேகம் அப்படியேதான் இருக்கு, திசைவேகம் மாறிட்டே இருக்கு!”