‘இனப்பெருக்க வீச்சு’ வேண்டாம், ‘ஈன்புலம்’ போதும்

அன்பின் நண்பர்களுக்கு வணக்கம்.

வன்னிப் பாடசாலைகளுக்காக நாம் தொகுக்கும் பறவைக் கையேட்டில், காஷ்மீர் ஈப்பிடிப்பானுக்கு உரிய பக்கம் ஒரு சொல்லுக்காகக் காத்திருக்கிறது. ஒரு பறவையினம் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும் நிலப்பரப்பு முழுவதையும் குறிக்க, நண்பர் ஒருவர் ‘இனப்பெருக்க வீச்சு’ என்று எழுதியிருக்கிறார். நமது கணித பாடத்தில் வீச்சு என்பது மிகப் பெரிய பெறுமானத்துக்கும் மிகச் சிறிய பெறுமானத்துக்கும் இடையிலான வித்தியாசம். அதைப் படித்த பிள்ளை இத்தலைப்பின் கீழே ஓர் எண்ணைத் தேடுமேயன்றி நிலத்தைத் தேடாது. ‘பரம்பல்’ நல்ல சொல்தான், ஆனால் அது பரந்திருக்கும் விதத்தைச் சொல்கிறது.

நான் முன்வைக்கும் சொல் ‘ஈன்புலம்’. ஈனுதல் என்றால் எங்கள் ஊரில் மாடு கன்று போடுவதுதான் நினைவுக்கு வரும், முட்டையிடும் பறவைக்கு அது பொருந்துமா என்று கேட்பீர்கள். குறுந்தொகையின் 85ஆம் பாடலில், சூல் முதிர்ந்த பேடைக்கு ‘ஈனில்’ அமைப்பதற்காக ஊர்க்குருவிச் சேவல் கரும்பின் பூவைக் கோதி எடுக்கிறது. ஈனும் இல் ஈனில் என்றால், ஈனும் புலம் ஈன்புலம். அது வினைத்தொகை என்பதில் எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி: ஈன்ற புலம், ஈனுகின்ற புலம், ஈனும் புலம் என்ற மூன்று காலமும், ஆண்டுதோறும் அதே மலைக்குத் திரும்பும் பறவைக்குத் தேவைப்படுகின்றன.

இந்த ஈப்பிடிப்பானின் ஈன்புலம் மிகச் சிறியது. பீர் பஞ்சால் தொடர் உட்பட வடமேற்கு இமயத்தின் காஷ்மீர்ப் பகுதியில், ஏறத்தாழ 1,800 மீற்றருக்கு மேலே, அடர்ந்த கீழ்ப்புதருள்ள இலையுதிர் காடுகளில் அது கூடு கட்டுகிறது. இலையுதிர் காலத்தில் தெற்கே புறப்பட்டு, மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியிலும் நமது மலைநாட்டிலும் மார்ச் வரை தங்குகிறது. நுவரெலியாவின் விக்டோரியாப் பூங்காவில் அதைப் பலர் பார்த்திருக்கிறார்கள். இந்தத் தங்கும் நிலத்துக்கு ‘குளிர்காலப் புலம்’ என்பதை விட ‘மாரிப்புலம்’ என்பதையே விரும்புகிறேன், ஏனெனில் நமது புவியியலில் மாரி என்பது வடக்கின் பனிக்காலத்தையும் குறிக்கிறது, வன்னியில் ஐப்பசி கார்த்திகை மழையையும் குறிக்கிறது.

புலத்தையும் வாழிடத்தையும் நாம் ஒன்றாக்கிவிடக் கூடாது. புலம் வரைபடத்தில் நிறந்தீட்டக் கூடியது, வாழிடம் அந்த நிறத்துக்குள் பறவை உண்மையில் நிற்கும் இடம். ஆறுமணிக் குருவி வன்னிப் பிள்ளைகள் அறிந்த சான்று. அதன் ஈன்புலம் இமய அடிவாரத்திலும் நடு இந்தியாவிலும் இருக்க, வன்னி அதன் மாரிப்புலத்துக்குள் அடங்குகிறது. ஆயினும் அது வயல்வெளியில் நிற்பதில்லை, பாலையும் வீரையும் நிற்கும் காட்டோரப் பற்றைகளில் சருகைக் கிளறித்தான் இரை தேடுகிறது. பற்றையை டோசர் வழித்துவிட்டால் வரைபடத்தின் நிறம் மாறாது, குருவிக்கு இடம் இராது. ஈப்பிடிப்பானுக்கு நேர்ந்திருப்பதும் இதுவே. மரம் வெட்டுதலும் மேய்ச்சலும் விவசாயமும் அதன் ஈன்புலத்துக் காடுகளைக் குறைத்துவருவதால், உயிரினங்களின் அழிவு ஆபத்தை வகைப்படுத்தும் பன்னாட்டுச் செம்பட்டியல் அதை அழிவாய்ப்புள்ள இனமாக வைத்திருக்கிறது. பூங்காவில் மாரிதோறும் அதைக் காண்கிறோம் என்று நாம் ஆறுதல் கொள்ள முடியாது. இங்கே எவ்வளவு காத்தாலும் அங்கே கூடு கட்ட மரப்பொந்தில்லாத பறவை பெருகாது.

பக்கத் தலைப்பில் உள்ள ‘இடம்பெயர் பறவைகள்’ என்பதையும் ‘வலசைப் பறவைகள்’ என்று மாற்றக் கோருகிறேன். 2008, 2009 ஆண்டுகளில் உழவு இயந்திரப் பெட்டியில் பாத்திரங்களை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராக நகர்ந்த எங்களுக்கு இடம்பெயர்வு என்பது வேறொன்று, அதிலிருந்து பலர் திரும்பி வரவில்லை. பறவையின் பயணத்தில் திரும்புதல் உள்ளடங்கியிருக்கிறது, வலசை என்ற சொல் அதற்கு ஏற்கெனவே வழங்கிவருகிறது.

மறுப்பில்லையெனில் பக்கத்தின் முதல் வரி இப்படி அமையலாம்: “காஷ்மீர் ஈப்பிடிப்பானின் ஈன்புலம் வடமேற்கு இமயம், அதன் மாரிப்புலங்களுள் ஒன்று இலங்கையின் மலைநாடு.” வலசையின் வழியில் அது சில நாள் இறங்கி இரை தேடும் நிலத்துக்கு ‘இறங்குபுலம்’ என்று எழுதிப் பார்த்தேன், அதைவிடப் பொருத்தமான சொல் உங்களிடம் இருந்தால் எழுதுங்கள்.