அபுதாபி குடிவரவுச் சோதனைக்கு அப்பா, அம்மாவை எப்படித் தயார்ப்படுத்துவது?

பணி ஓய்வு பெற்ற அப்பாவும் அம்மாவும் அடுத்த மாதம் சென்னையிலிருந்து அபுதாபி வழியாகச் சிகாகோவுக்கு வருகிறார்கள். முதல் பயணம். அமெரிக்கக் குடிவரவுச் சோதனை அபுதாபியிலேயே நடந்துவிடும். உதவிக்கு நான் பக்கத்தில் இருக்க மாட்டேன். விசா 10 ஆண்டுக்கு இருந்தாலும், தங்கும் காலத்தை முடிவு செய்வது அங்குள்ள அதிகாரிதான். பொதுவாக 6 மாதம் தருவார்கள்.

நேற்று தொலைபேசியில் ஒத்திகை பார்த்தோம். "எதற்கு வருகிறீர்கள்?" என்றேன். "பேத்தியைப் பார்த்துக்கொள்ள" என்றார் அம்மா. குழந்தை பார்க்கும் வேலைக்கு வருகிறார் என்று எடுத்துக்கொண்டால்? அப்பாவோ, கேட்காத கேள்விக்கும் பதில் சொல்பவர். ஈரத்துணியில் சுற்றிய கறிவேப்பிலையைப் பெட்டியிலிருந்து எடுக்கவைக்கவே அரை மணி நேரம் ஆனது.

அண்மையில் இந்த வழியில் பெற்றோரை வரவழைத்தவர்கள் சொல்லுங்கள்: கையில் என்னென்ன தாள்கள் கொடுத்தனுப்பினீர்கள்? தமிழில் பேச உதவி கிடைத்ததா?