யாரும் தாக்கல் செய்யாத ரேட்டை வைத்து அவார்டு: இயற்கை நீதி என்று ஆர்பிட்ரேஷன் சட்டத்தின் பிரிவு 34-ல் போகலாமா?

கருங்கல்_கோவை:
ஒரு தொழிற்சாலைக்குக் கட்டட வேலை செய்தோம். அஸ்திவாரம் தோண்டும்போது பாறை வந்தது, எக்ஸ்ட்ரா ஐட்டமாக பில் போட்டோம், ஓனர் தரவில்லை, ஆர்பிட்ரேஷனுக்கு (கோர்ட்டுக்கு வெளியே நடுவர் தீர்ப்பு) போனது. ஆர்பிட்ரேட்டர் ஓய்வுபெற்ற இன்ஜினியர். நாங்கள் கொட்டேஷன் வைத்தோம், அவர்கள் பாறைக்கும் சேர்த்துத்தான் ரேட் என்று வாதாடினார்கள். அவார்டை, அதாவது அவர் கொடுத்த தீர்ப்பை, பிரித்தால், இரண்டு தரப்பும் தொடாத பொதுப்பணித்துறை ரேட் பட்டியலை அவரே எடுத்துக் கணக்குப் போட்டு, கேட்டதில் மூன்றில் ஒரு பங்குதான் கொடுத்திருக்கிறார். எம்-புக் (வேலையை அளந்து எழுதும் புத்தகம்) அளவையும் தப்பாகப் படித்திருக்கிறார். கைக்கு வந்து ஏழு வாரம் ஆகிறது. மேஸ்திரிகளுக்கு பாக்கி அப்படியே நிற்கிறது.

வழக்குக்கட்டு:
முதலில் தேதி. பிரிவு 34 என்பது அவார்டை ரத்து செய்யச் சொல்லி கோர்ட்டில் போடும் மனு. அதற்கு, கையெழுத்திட்ட அவார்டு உங்கள் கையில் கிடைத்த நாளிலிருந்து மூன்று மாதம், தகுந்த காரணம் காட்டினால் இன்னும் 30 நாள், அதற்கு மேல் ஒரு நாள்கூட கோர்ட் தராது. எம்-புக் விஷயத்தை ஓரமாக வையுங்கள். சாட்சியத்தைத் தப்பாக எடைபோட்டார் என்பதற்காக பிரிவு 34-ல் நீதிபதி உள்ளே வர மாட்டார், அதை முன்னால் வைத்தால் நல்ல பாயிண்டும் சேர்ந்து மூழ்கும்.

ரேட் பட்டியல் வேறு. 2019-ல் சாங்யோங் இன்ஜினியரிங் எதிர் தேசிய நெடுஞ்சாலை ஆணையம் வழக்கைப் படியுங்கள். மத்தியப் பிரதேசத்தில் ஒரு பைபாஸ் வேலை, விலை உயர்வுக் கணக்கில் தகராறு. பெரும்பான்மை ஆர்பிட்ரேட்டர்கள் ரெக்கார்டிலேயே இல்லாத அரசு வழிகாட்டுதலை எடுத்துப் பயன்படுத்தினார்கள். அதைக் காட்டி கருத்துக் கேட்காதது பிரிவு 34(2)(a)(iii)-ல் விழும், தன் வழக்கைச் சொல்ல வாய்ப்புக் கிடைக்கவில்லை என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. பிரிவு 18 (இரு தரப்புக்கும் சம வாய்ப்பு), 24(3) (ஆதாரமாக எடுக்கும் ஆவணத்தை இரு தரப்புக்கும் காட்டுவது) இரண்டையும் சேர்த்துப் படியுங்கள்.

எதிர்த்தரப்பு, "இன்ஜினியர் என்றுதானே அவரை வைத்தீர்கள், சொந்த அனுபவத்தைப் பயன்படுத்தினார்" என்பார்கள். பாறைக்கு என்ன மெஷின் வேண்டும் என்பது அனுபவம், சரி. குறிப்பிட்ட பட்டியலைத் திறந்து அதிலிருந்து ரேட் எடுத்தால் அது ஆவணம், உங்களுக்குக் காட்டியிருக்க வேண்டும். காட்டியிருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? இதற்குப் பதில் இல்லாவிட்டால் மனு நிற்காது.

கருங்கல்_கோவை:
சொல்ல நிறைய இருக்கிறது! அவர் எடுத்தது வெடிவைத்து உடைக்கும் ரேட். பக்கத்து ஷெட்டில் மெஷின் ஓடிக்கொண்டிருந்ததால் வெடி வேண்டாம் என்று ஓனர் கடிதமே கொடுத்தார், முழுக்க பிரேக்கர் வைத்து உடைத்தோம்.

வழக்குக்கட்டு:
அந்தக் கடிதம் ஆர்பிட்ரேஷன் ரெக்கார்டில் இருக்கிறதா? இருந்தால் அதுதான் உங்கள் மனுவின் முதல் பக்கம். 2019 திருத்தத்துக்குப் பிறகு ரெக்கார்டை வைத்துத்தான் நிரூபிக்க வேண்டும், புதிதாக சாட்சி கொண்டுவர நினைக்காதீர்கள்.

சென்ட்ரிங்_மதுரை:
என் அனுபவம் ஒன்று. எதிர்த்தரப்பு சைட் இன்ஜினியரைக் குறுக்கு விசாரணை செய்ய ஆர்பிட்ரேட்டர் விடவில்லை. மனதுக்குள் பொருமினேனே தவிர ஒரு வரி எழுதிக் கொடுக்கவில்லை, அடுத்த மூன்று சிட்டிங்குக்கும் போய் உட்கார்ந்தேன். கோர்ட்டில் முதல் கேள்வியே, அப்போது ஏன் ஆட்சேபிக்கவில்லை என்பதுதான். பிரிவு 4-ஐக் காட்டி விட்டுக்கொடுத்ததாகவே எடுத்துக்கொண்டார்கள். உங்களுக்கு அந்தப் பிரச்சினை இல்லை, அவார்டு வந்த பிறகுதானே பட்டியலையே பார்த்தீர்கள். விசாரணை நடந்துகொண்டிருப்பவர்கள் தயவுசெய்து அன்றைக்கே ஒரு மெயிலாவது போடுங்கள்.

கருங்கல்_கோவை:
கடிதம் இருக்கிறது, எங்கள் ஆவணத் தொகுப்பிலேயே. அப்புறம், ஜெயித்தால் மீதிப் பணம் வருமா?

வழக்குக்கட்டு:
நேராக வராது. அவார்டு ரத்தானால் பெரும்பாலும் அந்தக் கிளெய்மை மறுபடி நடத்த வேண்டியிருக்கும். சாங்யோங் வழக்கில் அரசியலமைப்பின் 142-வது பிரிவைப் பயன்படுத்தி சிறுபான்மை ஆர்பிட்ரேட்டரின் அவார்டை நிலைநிறுத்தினார்கள், அந்த அதிகாரம் உச்ச நீதிமன்றத்துக்கு மட்டும்தான். 2025 ஏப்ரலில் காயத்ரி பாலசாமி வழக்கில் அரசியல் சாசன அமர்வு, பிரிக்க முடிந்த பகுதியை மட்டும் ரத்து செய்யலாம், சில சூழலில் திருத்தவும் செய்யலாம் என்றது. அதனால் பாறை ஐட்டத்தை மட்டும் தாக்குங்கள், உங்களுக்குக் கிடைத்த மற்றவை தப்பும். பிரிவு 34(4)-ல் ஆர்பிட்ரேட்டருக்கே திருப்பி அனுப்பக் கேட்பதும் ஒரு வழி, ஆனால் அதே ஆளிடம் போக உங்களுக்கு மனம் வருமா என்று யோசித்துக்கொள்ளுங்கள். இந்த வாரமே வக்கீலிடம் ரெக்கார்டைக் கொடுத்துவிடுங்கள்.